மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை

கிட்ட வாங்க, கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. காலை நீட்டிக்கொள்ள வேண்டுமானால் நீட்டிக்கொள்ளுங்கள், இது சபைக்கூட்டம் இல்லை. ஒரு தையல்காரியின் கதை வைத்திருக்கிறேன் உங்களுக்கு. சிரிக்கிற இடம் ஒன்றிரண்டு உண்டு, மற்றபடி கனமான கதைதான். கனமாக இருக்கிறதே என்று பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். தனியாகத் தூக்க முடியாமல்தானே உங்களைக் கூப்பிடுகிறேன்.

அக்கா தங்கை இரண்டு பேர். பெரியவள், சின்னவள் என்றே சொல்கிறேன், அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சின்னவளுக்கு ஐம்பத்து மூன்று வயது, தலை முக்கால்வாசி நரைத்தாயிற்று. ஆனாலும் அக்காவுக்கு முன்னால் சின்னவள்தான். புருஷன் போய் ஏழு வருஷம். பிள்ளை இல்லை. ஒரு முன்னறை, ஒரு சமையலறை, முன்னறை ஜன்னலோரம் மோட்டார் வைத்த தையல் மெஷின். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. கோட்டுக்கு ஐந்து பொத்தான், ஐந்து காஜா. காஜா என்றால் பொத்தான் நுழைகிற துளை. சுற்றிலும் நெருக்கமாக நூலோட்டி, நடுவில் பிளேடால் கீற வேண்டும். ஒரு மயிரிழை தப்பினாலும் கோட்டு போச்சு. காஜா எடுக்கும்போது அவள் மூச்சைக்கூட அளந்துதான் விடுவாள்.

பெரியவள் இரண்டு தெரு தள்ளி இருந்தாள், ஒரே மகளோடு. மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்து ஃப்ரேமில் பொருத்துகிறவள். இருபத்தேழு வயது, அதிகம் பேசமாட்டாள், பேசினால் அளந்து அறுத்த மாதிரி இருக்கும். சின்னவளை "சித்தி" என்று அவள் மறுபடி வாய்நிறையக் கூப்பிட ஆரம்பித்தது வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் கேட்டால் சின்னதாகத்தான் இருக்கும். அவர்களுடைய அம்மா இறந்த அன்றைக்குச் சின்னவள் வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் சவப்பெட்டியை மூடிவிட்டார்கள். அரை மணி நேரம் எனக்காகக் காத்திருக்கக் கூடாதா என்று சின்னவள் கேட்டாள். நீ நேரத்துக்கு என்றைக்கு வந்திருக்கிறாய் என்று பெரியவள் திருப்பிக் கேட்டாள். அவ்வளவுதான். துக்க வீட்டில் வாயிலிருந்து விழுகிற வார்த்தைக்கு எடை அதிகம். ஒரே கடையில் ரொட்டி வாங்குவார்கள், ஒருத்தி உள்ளே இருந்தால் இன்னொருத்தி வெளியே நிற்பாள். பதினோரு வருஷம்.

அதை உடைத்தது ஒரு மழை நாள்.

சின்னவள் போகிற சபை டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஏறும்போதே ரப்பர் வாடை முகத்தில் அடிக்கும். நாற்பது பேர் வருவார்கள். பாஸ்டர் முன்னாளில் வெல்டர், முழங்கை வரைக்கும் தீப்பொறித் தழும்பு. பட்டறைச் சத்தத்தில் கத்திப் பழகிய தொண்டை, இவருக்கு மைக் எதற்கு என்று சபையில் சிரிப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கத்தின் நடுவில் நின்றுவிட்டார். தண்ணீர் குடிக்கத்தான் நிறுத்தினார் என்று நினைத்தார்கள். அவர் வேதப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நான் இதை மனசாரச் சொல்லவில்லை, போன வருஷம் பேசியதையே மறுபடி பேசிக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஆறு மாதமாக ஜெபம் வரவில்லை என்றார். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு மெல்லிய குரல் வரும் என்று யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்டு மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். பிறகு மூன்றாவது வரிசையில் யாரோ விம்மினார்கள். பிறகு இன்னொருவர். பேச்சை விட்டிருந்த ஒரு அப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் எழுந்து செருப்பைக்கூடத் தேடாமல் படியிறங்கி, நனைந்துகொண்டே இரண்டு தெரு நடந்து அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். பெரியவள் திறந்தாள். சொட்டச் சொட்ட நின்ற தங்கையைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"செருப்பு எங்கடி?" என்றாள்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் வார்த்தை. பிறகு இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்கள். அடுத்த வாரம் பெரியவளும் மகளும் அந்த மாடிப்படி ஏறினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுப்புதல், அதாவது தூங்கிக்கிடந்த விசுவாசம் விழித்தெழுவது, என்று சபைக்காரர்கள் சொல்வார்கள். நான் கேள்விப்பட்டதைச் சொல்கிறேன். முகம் பார்க்காதவர்கள் முகம் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஆரம்பித்தவுடன் போட்டிக்கு ரேடியோவை அலறவிடுகிற டயர் கடைக்காரர் ஒரு நாள் கிரீஸ் கையோடு மேலே வந்து கடைசி வரிசையில் நின்றார். குடியை விட்டவர்கள் உண்டு. படுக்கையிலிருந்து எழுந்தவர்களும் உண்டு, எழாதவர்களும் உண்டு, எழாதவர்களின் வீட்டிலும் ஒரு சமாதானம் இருந்தது. நாற்பது பேர் இருநூறு ஆனார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து பாடினார்கள்.

அப்போதுதான் பாஸ்டருக்குப் பயம் வந்தது. இல்லாதவனுக்கு என்ன பயம், வந்ததல்லவா போய்விடும். இந்த நெருப்பு அணையக் கூடாது என்று யோசித்து யோசித்து ஒரு ஜெபச் சங்கிலி போட்டார். இருபத்து நான்கு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம். இரவும் பகலும் யாராவது ஒருவர் முழங்காலில் இருப்பார். தன் நேரம் முடிந்ததும் அடுத்தவர் ஃபோனுக்கு ஒரு ரிங் கொடுத்துக் கட் பண்ண வேண்டும். அதுதான் கண்ணியைக் கண்ணியோடு கோர்ப்பது. கடுமையான சட்டம் ஒன்றும் உண்டு. யாரோ ஒருவர் ஜெபத்துக்கு நடுவில் ஃபோனை எடுத்துப் பால்காரரிடம் சண்டை போட்டுவிட்டாராம். அதனால் அந்த ஒரு மணி நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது, கதவைத் தட்டினாலும் திறக்கக் கூடாது. வாசல் பக்கம் ஒரு கரும்பலகை மாட்டி, சங்கிலி அறுபடாமல் எத்தனை நாள் ஆயிற்று என்று ஞாயிறுதோறும் சாக்பீஸால் எழுதினார். வந்தவர்கள் முதலில் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

சின்னவளுக்கு மதியம் மூன்றிலிருந்து நான்கு. அவளுக்கு முன்னால் ரிட்டையரான பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் விசில் ஊதியவர், ஆமென் சொன்ன கையோடு "ரைட்" என்றும் சொல்லிவிடுவார் என்று அவரைக் கேலி செய்வார்கள். அவருடைய ரிங் மூன்று மணிக்கு ஒரு நொடி முந்தாது, பிந்தாது. அவளுக்குப் பின்னால் பேக்கரிக்காரம்மா.

முதல் நூறு நாள் அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்றே அவளுக்குத் தெரியாது. மெஷின் பக்கத்தில் பழைய துணியை மடித்துப் போட்டு முழங்கால் போடுவாள். அக்காவுக்காக ஆரம்பித்து, அக்கா மகளுக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டும் என்று போய், தெருவில் எதிர்ப்படும் முகங்களுக்கெல்லாம் போய், கடைசியில் வார்த்தை தீர்ந்து சும்மா இருப்பாள். அந்தச் சும்மா இருப்பதுதான் அவளுக்கு ருசி.

பிறகு ஒரு நாள் அவசர ஆர்டர் வந்தது. கை தைக்கட்டும், வாய் ஜெபிக்கட்டும் என்று மெஷினிலேயே உட்கார்ந்தாள். அதில் என்ன தப்பு. அடுத்த வாரமும் அப்படியே. பிறகு வாய் தன் பாட்டுக்குப் பழகிய வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது, மனசு அளவு பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் வாயும் நின்றது. எந்த நாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மிஞ்சியது மூன்று மணிக்கு வருகிற ரிங்கும் நான்கு மணிக்குக் கொடுக்கிற ரிங்கும்தான்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கரும்பலகையில் இருநூற்று எழுபத்து நான்கு என்று பார்ப்பாள். இத்தனை பேர் இத்தனை நாள் கோர்த்ததை நான் ஒருத்தி போய் அறுப்பதா என்று வாயை மூடிக்கொள்வாள். நாளையிலிருந்து ஒழுங்காக முழங்கால் போடுவோம் என்று நினைப்பாள். நாளைக்கும் கோட்டு இருந்தது.

முந்நூற்று எண்பத்தேழாவது நாள், திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி ஆள் வந்து இரண்டு டஜன் கோட்டு எடுத்துப்போக வேண்டும், கடைசி ஆறு கோட்டுக்குக் காஜா மட்டும் பாக்கி. மூன்று மணிக்குக் கண்டக்டர் ரிங் வந்தது. அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பத்து நிமிஷம் போயிருக்கும், மறுபடி ஃபோன் அடித்தது. அக்கா. அடித்து ஓய்ந்தது. உடனே இன்னொரு முறை அடித்தது. இது ஜெப நேரம், எடுக்கக் கூடாது என்று சின்னவள் தன்னிடமே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டபோது அவள் கைக்குக் கீழே காஜா ஓடிக்கொண்டிருந்தது. மூன்றரை வாக்கில் மூன்றாவது முறை அடித்தது. மேஜை அதிர்ந்ததில் ஊசி லேசாக விலகியது. அவள் ஃபோனை எடுத்துத் துணிக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

நான்கு மணிக்குப் பேக்கரிக்காரம்மாவுக்கு ரிங் கொடுத்தாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. இன்னொரு முறை. இன்னொரு முறை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள், இரண்டாவது தெருவில் ஓடினாள்.

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், ஃபோன் மடியில் இருந்தது. நம்பர் பார்ப்பதற்காகத்தான் கண்ணாடியைப் போட்டிருக்க வேண்டும். தொட்டபோது கை இன்னும் முழுதாகச் சில்லிடவில்லை.

நெஞ்சுவலி வந்து கொஞ்ச நேரம் இருந்திருக்கிறார் என்றார் டாக்டர். யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் என்று சின்னவள் கேட்டாள். சொல்ல முடியாதும்மா என்றார். கண்ணாடிக் கடையில் வேலை நேரத்தில் ஃபோனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். மகள் வெளியே வந்து பார்த்தபோது அம்மாவிடமிருந்து அவளுக்கும் ஒரு அழைப்பு இருந்தது. மகள் எடுக்க மாட்டாள் என்று தெரிந்துதான் பெரியவள் மீதி மூன்றையும் தங்கைக்குப் போட்டிருக்கிறாள்.

அடக்கத்தன்று இருநூறு பேரும் வந்தார்கள். பாஸ்டர் பேசினார். நல்லவர்தான், அழுதுகொண்டேதான் பேசினார். கூடப்பிறந்தவள் கூப்பிட்டும் இந்தச் சகோதரி ஜெபத்தை விட்டு எழுந்திருக்கவில்லை, சங்கிலி அறுபடவில்லை, போனவளை ஜெபம்தான் கைபிடித்து அனுப்பியது என்றார். எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். பேக்கரிக்காரம்மா அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சின்னவளுக்கு அந்தக் கையை வெட்டி எறியலாம் போலிருந்தது.

பெட்டியை மண் மூடிய பிறகு அக்கா மகள் பக்கத்தில் வந்து நின்றாள். அதுவரை அவள் அழவில்லை.

"அம்மா போற நேரத்துல நீங்க முழங்கால்ல இருந்தீங்க சித்தி," என்றாள். "நான் இல்ல. நீங்களாவது இருந்தீங்க. எனக்கு அது போதும்."

சொல்லிவிட்டுச் சித்தியின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். சின்னவள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

இனி அவளுக்கு இருந்தது ஒரே கேள்விதான். சொன்னால் அந்தப் பிள்ளை பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே கொம்பும் ஒடியும். சொல்லாவிட்டால் பொய்யை ஆறுதலாக ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மகள் தினமும் சாயங்காலம் சித்தி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனாள். சாப்பிடும்போது, அந்த நேரத்தில் என்ன ஜெபித்தீர்கள் சித்தி என்று கேட்டாள். சின்னவள் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போனாள். இப்போது மூன்று மணிக்கு அவள் மெஷினைத் தொடுவதில்லை, முழங்காலில்தான் நின்றாள். வாயில் மண் போட்ட மாதிரி ஒரு வார்த்தை வரவில்லை. நான்கு மணிக்கு மட்டும் ரிங் கொடுத்தாள்.

நானூறாவது நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. அதைப் பெரிய ஆராதனையாக வைக்கலாம், மற்ற சபைகளிலிருந்தும் வருவார்கள், சின்னவள் நடந்ததைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று பாஸ்டர் ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலையில் அவள் மாடியேறிப் போனாள். அவர் ஏணிமேல் நின்று துணிப் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார், வாயில் கம்பித் துண்டு. பேனரின் ஓரத்தை அவளே மடித்துத் தைத்துக் கொடுத்திருந்தாள்.

ஏணிக்குக் கீழே நின்றபடியே சொல்லிவிட்டாள். முழங்காலில் இல்லை, காஜா எடுத்துக்கொண்டிருந்தேன், அன்றைக்கு மட்டும் இல்லை, பல மாதமாக.

பாஸ்டர் வாயிலிருந்த கம்பியை எடுத்தார். மெதுவாக இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்தார். மனசுக்குள் ஒரு துளியாவது ஜெபம் ஓடியிருக்கும் அல்லவா என்று கேட்டார். அப்படியே இருந்தாலும் அதை ஜெபம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"காஜாதான் ஓடுச்சு பாஸ்டர்," என்றாள்.

அவர் தழும்புக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். இதை இப்போது சொல்ல வேண்டுமா என்றார். அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே ஆறுதல், சபைக்கு இருக்கிற ஒரே பலம். நீங்கள் எதுவும் பேச வேண்டாம், எழுந்து நின்றால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

"அந்த மழை நாள்ல நீங்க சொன்னீங்களே," என்றாள் சின்னவள். "உங்களுக்கு ஜெபம் வரலன்னு. அதுலதானே எல்லாம் ஆரம்பிச்சுது."

கீழே டயர் கடையில் சக்கரத்துக்குக் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கு நாப்பது பேரும்மா," என்றார். "இழக்கறதுக்கு எங்கிட்ட என்ன இருந்துச்சு."

சொன்ன பிறகு அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் சின்னவள் இறங்கி வந்துவிட்டாள்.

சபையில் சொல்வதானால் முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். இருநூறு பேரோடு சேர்ந்து அவளும் கேட்கும்படி விடக் கூடாது. சனிக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குப் போனாள். மகள் கட்டிலில் அம்மாவின் துணிகளைப் பரப்பி மடித்துக்கொண்டிருந்தாள், கொடுக்க வேண்டியது ஒரு பக்கம், வைத்துக்கொள்ள வேண்டியது ஒரு பக்கம். வாங்க சித்தி, இந்தச் சால்வை உங்களுக்கு என்று எடுத்து நீட்டினாள்.

"வேணாம்," என்றாள் சின்னவள். "முதல்ல நான் சொல்றதைக் கேளு. அப்புறம் குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடு."

நின்றுகொண்டே சொன்னாள். எதையும் விடவில்லை. மூன்று முறை அடித்தது, பெயரைப் பார்த்தது, ஜெப நேரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது, கடைசியில் ஃபோனைத் துணிக்கட்டுக்கு அடியில் வைத்தது. துணிக்கட்டு என்று சொல்லும்போது மகளின் கை மடிப்பின் நடுவில் நின்றது.

"எத்தனை காஜா?" என்றாள்.

சின்னவளுக்குப் புரியவில்லை.

"அம்மா முதல்ல கூப்பிட்டதுல இருந்து நாலு மணி வரைக்கும். எத்தனை முடிச்சீங்க?"

"மூணு கோட்டு."

"பதினஞ்சு." மகள் தலையை ஆட்டிக்கொண்டாள், யாரோ லென்ஸ் அளவு சொன்னதைக் குறித்துக்கொள்கிற மாதிரி. "அப்போ அந்த நேரத்துல அம்மாவுக்காக யாருமே ஜெபிக்கல."

"இல்லம்மா."

"நீங்க போங்க சித்தி."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. சால்வையை மடித்து, கொடுக்க வேண்டிய துணிகளின் பக்கம் வைத்தாள். சின்னவள் வந்த வழியே திரும்பினாள். தெருவில் யாரோ விசாரித்தார்கள், என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடி கொள்ளவில்லை. அக்கா மகள் வரவில்லை. கரும்பலகையில் நானூறு என்று பெரிதாக எழுதி, சுற்றிலும் வண்ணச் சாக்பீஸால் பூப்போட்டிருந்தார்கள். பாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். கூப்பிடும்போது அவள் கண்ணைப் பார்க்கவில்லை. நின்றால் மட்டும் போதும் என்று சொன்னாரே, அவள் நடந்து போய் மைக்கை வாங்கினாள். வாங்கித்தான் என்ன, அவள் குரல் மைக்கிலும் முன்வரிசையைத் தாண்டாது. ஆனால் அன்றைக்கு அவ்வளவு பேரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள்.

அவள் சொன்னது நாலு வரிதான். என்னைப் பற்றிச் சொன்னது பொய், நான் ஜெபத்தில் இல்லை, தைத்துக்கொண்டிருந்தேன், அக்கா கூப்பிட்டது கேட்டது, எடுக்கவில்லை. பல மாதமாக நான் ரிங் மட்டும்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், இந்த எண்ணை அழித்துவிடுங்கள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில் மறுபடி நெருப்பு இறங்கியது, எல்லோரும் விழுந்து அழுதார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், கண்ணுகளா. அப்படி நடக்கவில்லை. விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரோ இருமினார்கள். பிறகு கண்டக்டர் எழுந்தார். ரிட்டையரான நாளில் யாரோ போட்ட கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நானும் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறொன்றும் இல்லை என்றார். உட்கார்ந்துவிட்டார். பேக்கரிக்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், அவள் சொல்ல வேண்டியது அதிலேயே இருந்தது. இன்னும் யார் யார் தலையைக் குனிந்தார்கள் என்று எண்ணவில்லை. அறுந்து எத்தனையோ நாள் ஆகியிருந்த சங்கிலியைத்தான் அத்தனை பேரும் காவல் காத்திருக்கிறார்கள்.

பாஸ்டர் கரும்பலகைக்கு நடந்து போய் உள்ளங்கையால் அழித்தார். துணியால் துடைக்கவில்லை, உள்ளங்கையால். அழித்த கையோடு மேடைக்குத் திரும்பாமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். அன்றைக்குப் பிரசங்கம் இல்லை. ஜனங்கள் அவரைத் தாண்டி ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். சிலர் தோளைத் தொட்டார்கள், பலர் தொடவில்லை.

இரண்டு மாதத்தில் இருநூறு முப்பதானது. வேறு இடத்தில் நெருப்பு எரிகிறதாம் என்று கேள்விப்பட்டுப் போனார்கள். நல்ல சபையை அணைத்தது அந்தத் தையல்காரிதான் என்று ரொட்டி வாங்கும் இடத்தில் அவள் காதுபடவே பேசினார்கள். அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு நடந்தாள். பாஸ்டர் பாதி நாள் மறுபடி வெல்டிங் வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சமாகப் பேசினார், தெரிந்ததை மட்டும். தெரியாததைத் தெரியாது என்றார். முப்பது பேருக்கு அது போதுமாயிருந்தது, டயர் கடைக்காரர் உட்பட.

அக்கா மகள் சபைக்கும் வரவில்லை, சித்தி வீட்டுக்கும் வரவில்லை. சின்னவள் தினமும் சாயங்காலம் இரண்டு பேருக்குச் சமைத்தாள். மிஞ்சியதை மறுநாள் காலையில் தானே சாப்பிட்டாள். தெருவில் ஒரு முறை எதிர்ப்பட்டபோது அந்தப் பெண் நின்றாள், ஏதோ சொல்ல வந்தாள், பிறகு நடந்துவிட்டாள். மறுபடி பதினோரு வருஷமா என்று சின்னவள் நின்ற இடத்திலேயே நினைத்தாள். தனக்கு இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறதா என்றும் நினைத்தாள்.

மூன்றாவது மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம், கதவு திறந்துதான் இருந்தது, மகள் உள்ளே வந்தாள். சின்னவள் மெஷினை நிறுத்தினாள். மகள் எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, தைத்துப் போட்டிருந்த கோட்டுகளைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து, காஜாவில் விரலை நுழைத்துப் பார்த்தாள். பிறகு கீழே வைத்தாள்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை என்றாள். இன்னும் கோபம் இருக்கிறது, காலையில் எழுந்தவுடன் முதலில் அதுதான் வருகிறது என்றாள். நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்தேன், பிறகு நீங்கள் சொல்லாமல் இருந்து நான் தினமும் வந்து உங்கள் கையால் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், அது இதைவிட மோசமாக இருந்தது என்றாள். அவ்வளவு நீளமாக அவள் பேசிச் சின்னவள் கேட்டதே இல்லை.

"அம்மா எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு தெரியல சித்தி," என்றாள் கடைசியில். "வலிக்குதுன்னு சொல்லவா, பயமா இருக்குன்னு சொல்லவா. அது நமக்குத் தெரியவே போறதில்ல. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை வெச்சுக்கிட்டு என்னால தனியா இருக்க முடியல."

சின்னவள் எழுந்து அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"ஜெபம் பண்ணுங்க," என்றாள் மகள்.

சின்னவள் கண்ணை மூடினாள். "ஆண்டவரே," என்றாள். அதற்குமேல் வரவில்லை. மறுபடி முயன்றாள், ஆண்டவரே, எங்க அக்கா, என்றாள். அதற்குப் பிறகு வந்தது வார்த்தை இல்லை. அக்காவின் பெட்டியை மூடிய நாளிலிருந்து வராத அழுகை அது, மாட்டுக்கன்று கதறுகிற மாதிரி. மகள் முதலில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பிறகு முக்காலியிலிருந்து வழுக்கித் தரையில் இறங்கினாள். இரண்டு பேரும் துணித்துண்டுகளுக்கும் நூல் பிசிறுகளுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் ஆயிற்று, யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி ஆள் கோட்டுக்கு வந்து வாசலில் நின்றார், உள்ளே எட்டிப் பார்த்தார், சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டார்.

மன்னிப்பு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. வந்ததா என்றும் தெரியாது. வியாழக்கிழமைகளில் அந்தப் பெண் வருகிறாள், அது தெரியும். பெரியவள் பெயரைச் சொல்லி இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். சில நாள் ஜெபம் வரும், சில நாள் வராது. வராத நாளில் வரவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்வார்கள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். நீங்கள் போகிற வீட்டில் நடிக்காமல் உட்கார ஓரிடமும், நடந்ததை நடந்தபடி சொல்ல ஒரு முகமும் உங்களுக்கு இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் கூப்பிடும்போது நீங்கள் இருங்கள், நீங்கள் கூப்பிடும்போது அவர்கள் இருக்கட்டும். கோபம் வந்தாலும் அது உங்கள் வாசலோடு நிற்கட்டும், வருஷக்கணக்கில் உள்ளே வந்து குடியிருக்க வேண்டாம். ஆண்டவர் உங்கள் அடுப்பையும் படுக்கையையும், போகிற காலையும் திரும்பி வருகிற காலையும் காத்துக்கொள்ளட்டும்.